இரண்டாவது ஸ்லைடில் இறந்தவர்

ஜெனோ தன் அப்பாவைக் கடலில் தள்ளிவிட்டான். அதுவும் இரண்டாவது ஸ்லைடிலேயே.

"அன்னைக்குக் காத்து திடீர்னு மாறிப் போச்சு. எங்கம்மா கரையில நிக்காவ. படகு வரல. எங்கப்பாவும் வரல" என்று சொல்லி நிறுத்தினான்.

தூத்துக்குடி விசைப்படகு உரிமையாளர் சங்கக் கட்டடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஒருவர் துண்டால் மூக்கைச் சிந்தினார்.

"அப்பாகிட்ட மட்டும் அன்னைக்கு இது இருந்திருந்தா..." என்று ஜெனோ ஆரஞ்சு நிற பீக்கன் கருவியைத் தூக்கிக் காட்டியபோது, பின்வரிசையிலும் விசும்பல் கிளம்பிவிட்டது. நடுக்கடலில் ஆபத்து என்றால் அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், படகு இருக்குமிடம் கரைக்குத் தெரிந்துவிடும். நல்ல கருவிதான். விற்கிறவன்தான் இப்படி.

இத்தனைக்கும் அவனுடைய அப்பா தஸ்நேவிஸ் அந்நேரம் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். துறைமுக அலுவலகத்தில் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். படகில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பார்.

ஜெனோவும் வேண்டுமென்று செய்யவில்லை. இதற்கு முன் அவன் பேசிய இடங்களில் எல்லாம் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். ராமேஸ்வரத்தில் ஒருவர் விட்ட குறட்டைக்கு மைக்கே கரகரத்தது. சென்னையிலிருந்து மேனேஜர் பாலகணேஷ் கூப்பிட்டு, "தூத்துக்குடி ஆர்டரும் வரலேன்னா உங்களை ராய்ப்பூர் கிளைக்கு மாத்திருவேன்" என்று சொல்லிவிட்டார்.

"அங்க கடலே கிடையாதே சார்!"

"அங்க நீங்க பம்புசெட் விக்கலாம்."

கடல் காற்று இல்லாத ஊரில் ஜெனோவால் ஒரு வாரம்கூட இருக்க முடியாது. அந்தக் கலக்கத்தில் இருக்கும்போதுதான் கம்பெனி ஆன்லைனில் ஒரு பயிற்சி வைத்தது. பயிற்சி கொடுத்த அம்மாள், "நம்பரை மறந்திருவாங்க, ஸ்லைடை மறந்திருவாங்க. உங்க சொந்தக் கதையை மட்டும் யாரும் மறக்க மாட்டாங்க" என்றார். ஜெனோவும் இரவெல்லாம் யோசித்துப் பார்த்தான். அவன் வாழ்க்கையில் கதை என்று சொல்லும்படி ஒன்றுமே நடந்திருக்கவில்லை.

கைதட்டல் அடங்கியதும் சங்கத் தலைவர் ஹென்றி எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். பல வருடம் கப்பலில் உலகம் சுற்றிவிட்டு, போன வருடம்தான் ஊரோடு வந்து படகு வாங்கியவர்.

"அப்பா எங்கனருந்து தொழிலுக்குப் போனாவ?"

கேள்வியெல்லாம் வரும் என்று ஜெனோ எதிர்பார்க்கவில்லை. தூத்துக்குடி என்று சொன்னால் எந்தப் படகு, யார் படகு என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

"இங்கன இல்ல அண்ணாச்சி. கீழவைப்பார்ல."

"கீழவைப்பாரா? எங்க மச்சான் ஊருல்லா! அப்பா பேரு?"

அவசரத்துக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை. இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற தைரியத்தில் உண்மையையே சொல்லிவிட்டான்.

"தஸ்நேவிஸ்."

ஹென்றி அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. "இருப்பா, வாரேன்" என்று வெளியே போனவர், கண் சிவந்துபோய்த்தான் திரும்பினார்.

"ஆர்டர் ஒனக்குத்தாம்ப்பா. ஆனா சும்மா கையெழுத்துப் போட மாட்டேன். ஞாயித்துக்கிழம காலப் பூசைய ஒங்கப்பா பேருல ஒப்புக்கொடுக்கேன். பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல வச்சே போடுதேன். அதுக்கு முன்ன நாளைக்கு வீட்டுக்கு வந்து ஒங்கம்மாவ ஒரு எட்டுப் பாத்து ஆறுதல் சொல்லிட்டுப் போறேன்."



ஜெனோ வீட்டுக்கு வந்து மனைவி ஸ்டெபியிடம் சொன்னான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒங்களுக்குக் கொல்லுறதுக்கு வேற ஆளே கெடைக்கலயா? மாமா நம்ம கல்யாணத்துல ஆடுன ஆட்டத்த ஊரே பாத்திருக்கு."

"மெல்லப் பேசுளா. நாளைக்கு ரெண்டு பேரையும் சினிமாவுக்கு அனுப்பிருவோம்."

மறுநாள் அப்பாவும் அம்மாவும் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பினார்கள். தெருமுனை வரை போனவர்கள், அப்பாவுக்கு ஒரு போன் வந்ததும் திரும்பி வந்துவிட்டார்கள். "தல வலிக்கிடே" என்று சொல்லி அப்பா வாசலை அடைத்தாற்போல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஹென்றியின் கார் வந்து நின்றது.

ஆப்பிள் பையோடு இறங்கிய ஹென்றி, "இவுக யாருப்பா?" என்று கேட்டார்.

"சித்தப்பா" என்றான் ஜெனோ, கண்ணை மூடிக்கொண்டு.

அப்பா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. ஹென்றி பாய்ந்து அவரைக் கட்டிக்கொண்டு, "அண்ணனப் பறிகொடுத்துட்டியளே!" என்று அழுதார். "போயிட்டாரே!" என்று அப்பாவும் அதைவிடச் சத்தமாக அழுதார். ஜெனோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கு இளகிய மனசு, யார் அழுதாலும் கூடச் சேர்ந்து அழுவார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

"அண்ணன் எப்படிப்பட்ட ஆளு?" என்றார் ஹென்றி.

"தங்கமான மனுசன்" என்றார் அப்பா. "பாக்கவும் லெச்சணமா இருப்பாரு. இந்தப் பய கேட்டான்னு லோன் போட்டு புல்லட்டு வாங்கிக் கொடுத்தாரு. இவன் பதிலுக்கு ஒரு செருப்பு வாங்கிக் கொடுத்திருப்பானா?"

"கொடுக்கலயா?"

"கடைசி வர கொடுக்கல."

"ச்சே! இப்படியும் ஒரு புள்ளயா!" என்று ஹென்றி ஜெனோவைப் பார்த்தார். ஜெனோ தரையைப் பார்த்தான்.

அப்போது அம்மா அல்போன்சா தலை நிறையப் பிச்சிப்பூவும் பச்சைச் சேலையுமாகக் காப்பித் தட்டோடு வந்தாள்.

"இவுக?"

"சித்தி" என்றான் ஜெனோ. "அம்மா கீழவைப்பார்ல இருக்காவ."

"அப்பச் சரி. ஞாயித்துக்கிழம பூசைக்கு அம்மாவக் கூட்டிட்டு வந்துரு. அவுக கண்ணு முன்னாலதான் கையெழுத்து. எங்க மச்சானும் அந்த ஊர் ஆளுங்கள ஒரு வேன் நெறையக் கூட்டிட்டு வாரான்" என்று சொல்லிவிட்டு, காப்பியை ரசித்துக் குடித்துவிட்டு ஹென்றி கிளம்பினார்.

ஜெனோ அப்பா காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். அடி விழும் என்று நினைத்துத்தான் சொன்னான்.

"கடல்லயா போட்ட?" என்று அப்பா வருத்தமாகக் கேட்டார். "தரையில ஏதாவது பாத்திருக்கக் கூடாதாடே? எனக்குத்தான் ஒத்துக்காதே."

"மன்னிச்சிருங்கப்பா. அம்மா ஒரே ஒரு நாளைக்கு வெள்ளச் சேலை உடுத்திட்டு வந்தா..."

"கரண்டி எங்கன கெடக்கு?" என்று அம்மா எழுந்தாள். "கல்லு மாதிரி உக்காந்திருக்க மனுசனுக்கு நான் வெள்ள உடுத்தணுமா? செவப்புப் பட்டுதான் உடுத்துவேன். முடிஞ்சா என்னையும் கடல்ல போடு."

"பூசைக்கு நானும் வாரேன்" என்றார் அப்பா. "தன்னோட ஆத்துமப் பூசையத் தானே பாக்க எவனுக்குக் குடுத்து வச்சிருக்கு? முன்வரிசையில எடம் போட்டு வை."

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. கீழவைப்பார் வேன் வந்துவிட்டது. கையெழுத்தைப் படம்பிடித்து எல்லாக் கிளைகளுக்கும் காட்டவேண்டும் என்று மேனேஜர் பாலகணேஷும் கேமராவோடு சென்னையிலிருந்து வந்திருந்தார். முன்வரிசையில் அப்பா பட்டு வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா சிவப்புப் பட்டில்.

ஜெனோ ஓடிப்போய் உபதேசியார் ஞானதீபத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். பூசைக்கு முன்னால் மைக்கில் அன்றைய கருத்தைச் சொல்கிறவர் அவர்தான்.

"ஐயா, அப்பா பேர மட்டும் இன்னைக்குச் சொல்ல வேண்டாம்."

"தலைவரு சொல்லிக் கொடுத்தத மனப்பாடமே பண்ணிட்டேன் தம்பி. ஒரு வார்த்தை விட மாட்டேன்."

இனி ஒளிக்க இடமில்லை. ராய்ப்பூரில் வெயில் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஜெனோ ஹென்றியின் அருகில் போய் முழங்காலிட்டான்.

"அண்ணாச்சி, நான் ஒரு பெரிய பொய் சொல்லிட்டேன். எங்கப்பா சாகல. அந்தா உக்காந்திருக்காரே, அவருதான் எங்கப்பா. ஆர்டர் வேண்டாம். என்ன மன்னிச்சிருங்க."

அவன் கண்ணில் நீர் நிஜமாகவே வந்துவிட்டது. ஹென்றி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "சத்தம் போடாதடே, ஆரம்பிக்கப் போறாவ" என்றார். அவர் தோள்கள் மறுபடி குலுங்கின.

மணி அடித்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். உபதேசியார் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"இன்றைய திருப்பலியின் கருத்து: தன்னுடன் ஒரே பெஞ்சில் படித்த தோழர் தஸ்நேவிஸ் நல்ல சுகத்தோடு இருப்பதற்கு நன்றியாகவும், அவருடைய மகன் ஜெனோவுக்கு நல்ல புத்தி வரவேண்டியும், அந்த மகனிடம் சங்கம் வாங்கப்போகும் கருவிகளாவது உண்மையைச் சொல்லவேண்டியும், ஒப்புக்கொடுப்பவர் ஹென்றி."