முன் ஆக்சிலில் மிச்சமான கிளிப்

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனருக்கு, அவையிரண்டும் தீர்ந்துபோன உன் அத்தான் எழுதிக்கொண்டது.

நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா சௌக்கியம், வீடு சௌக்கியம், வாசலில் நிற்கும் ஜீப்பும் பார்வைக்குச் சௌக்கியம். என் சௌக்கியத்தைப் பற்றி மட்டும் இப்போதைக்குக் கேட்காதே. இதைப் படிக்கும்போது அக்கா உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள். அதனால் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் படி. ‘ஐயையோ’ என்று வாய்விட்டுவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

விஷயம் ஜீப்பின் முன் ஆக்சில், அதாவது முன்சக்கரங்களைத் தாங்கிச் சுழற்றுகிற அச்சு. வாராவாரம் தடுப்பூசிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் கிளினிக்குக்குப் போகிறவள் உன் அக்கா. அந்தச் சேற்றுப் பாதையில் பின்சக்கரம் மட்டும் இழுத்தால் போதாது, முன்சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டும் என்பது உனக்கே தெரியும். வளைவில் திருப்பும்போதெல்லாம் முன்னால் கடக் கடக்கென்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. நம்ம மெக்கானிக் இருக்கிறாரே, எதற்கும் அவசரப்படாததால் ஊரே ‘அவசரம்’ என்று கூப்பிடுமே, அவர் வந்து பார்த்துவிட்டு, “ஆக்சிலப் பிரிக்கணும் சார், ரெண்டு வாரம் ஆகும்” என்றார். எனக்கு என்ன கேடு காலமோ, “எதுக்கு ரெண்டு வாரம்? நானே பிரிக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். ஆயுசு பூராவும் மில் ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுத்தவன் நான், அதில் ஒன்றையாவது முடுக்கினவன் இல்லை. உன் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். தடுப்பாள் என்றுதான் நினைத்தேன். “செய்ங்க. சாமான் எல்லாம் நானே வாங்கிட்டு வரேன், நீங்க எண்ணி வாங்கிக்கோங்க” என்று சொல்லிவிட்டாள். எண்ணி வாங்கிக்கொண்டேன். அங்கேதான் கிளிப் உருவத்தில் வந்தது வினை.

கிளிப் என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டும். மோதிரத்தை ஓரிடத்தில் வெட்டிவிட்ட மாதிரி ஒரு வளையம், அவ்வளவுதான். ஆக்சிலுக்குள் சுழல்கிற தண்டுதான் ஷாஃப்ட், அதில் இருக்கிற பள்ளத்தில் போய் அது உட்கார்ந்துகொள்ளும். அது உட்கார்ந்திருக்கிற வரைக்கும் மற்றதெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். அது எழுந்துவிட்டால் உள்ளே ஷாஃப்ட் தன் இஷ்டத்துக்கு நகர ஆரம்பித்துவிடும், அப்புறம் எது எங்கே போய் இடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை கழற்றினதைத் திரும்பப் போடக் கூடாது, விறைப்பு போய்விடும். அவசரம் என்னடாவென்றால், “பழசே நல்லாத்தான சார் இருக்கு, தொடச்சிட்டுப் போடுங்க” என்கிறார். நடக்குமா? பழசு ஒவ்வொன்றையும் கழற்றிக் கம்பியில் கோத்தேன். அதில் ஒன்று பிளையரிலிருந்து துள்ளி என் காதை உரசிக்கொண்டு போய், ஊறப்போட்டிருந்த துணி வாளியில் விழுந்தது. உன் அக்காவின் யூனிஃபார்மை ஒவ்வொன்றாகப் பிழிந்து தேடினேன். கிரீஸ் கையோடு பிழிந்தேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கதையை விடு, கிளிப் கிடைத்துவிட்டது.

இப்போது கவனமாகக் கேள். பழசு எண்ணினால் பத்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து. புதுசில் பத்தைப் போட்டு மூடிவிட்டுப் பார்க்கிறேன், பாக்கெட்டில் ஒன்று கிடக்கிறது. அன்றைக்கு எண்ணி வாங்கியது பதினொன்று! ஸ்டோரில் சரக்கு குறைந்தால் எவனோ எடுத்துவிட்டான் என்று நிம்மதியாக இருக்கலாம். மிச்சமிருந்தால் என்ன அர்த்தம்? போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அது போகவில்லை என்று அர்த்தம். அவசரத்திடம் ஓடினேன். “ஒண்ணு மிச்சம் இருந்தா நல்லதுதான சார், வச்சுக்கோங்க” என்றார். “மொத்தம் எத்தனைய்யா போடணும்?” என்று கேட்டால், “அதெல்லாம் யார் சார் எண்றது? பள்ளம் இருந்தாப் போடுவோம்” என்கிறார். இவர்தானே போன தடவையும் பிரித்தது? அப்படியென்றால் அப்போதே ஒன்றை விட்டுவிட்டாரா? இத்தனை நாளும் ஒரு கிளிப் இல்லாமலே உன் அக்கா மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தாளா? சாமான் வாங்கின கடைக்காரருக்குப் போன் போட்டேன். “சிஸ்டர் கேட்ட கணக்குத்தான் சார் குடுத்தேன்” என்றார். சிஸ்டர் யார்? உன் அக்கா. மருந்து எண்ணுவதில் ஒருநாளும் தப்பாத கை அது. அவள் பதினொன்று கேட்டிருந்தால் பதினொன்றுக்கும் உள்ளே எங்கேயோ இடம் இருக்கிறது!

திரும்பப் பிரித்தேன், போட்ட கிளிப் ஒன்றையும் கழற்றாமல். பள்ளம் பள்ளமாக விரலைவிட்டுத் தடவினேன், டார்ச் அடித்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காலியாக ஒரு பள்ளமும் இல்லை. மனசு கேட்காமல் மறுபடியும் பிரித்தேன். அந்தத் தடவை இடது பக்கம் ஷாஃப்ட் முனையில் இருக்கிற கிளிப் பாதிதான் பள்ளத்தில் இறங்கியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் ஒரு தட்டு தட்டினேன், டிக்கென்று உட்கார்ந்துகொண்டது. சரி, அதுவா நம்ம பிரச்சினை? மிச்சம் அப்படியே கையில் இருக்கிறதே! மூன்றாம் முறையும் பிரித்தேன். ஒன்றும் புலப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவர்மேல் தலையை நீட்டி, “என்ன சார், தினமும் பிரிக்கிறீங்க, சர்வீஸ் ஸ்டேஷன் வைக்கப் போறீங்களா?” என்று கேட்கிறார். சிரிக்கவா முடிகிறது?

அக்காவிடம் சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். சொல்லப் போனேன். “இந்த வாரம் போய்த்தான் ஆகணுமா?” என்று ஆரம்பித்தேன். “ஏன், வண்டி ரெடி இல்லையா?” என்று நிமிர்ந்து பார்த்தாள். என் பாழாய்ப்போன வாய், “ரெடி, ரெடி, ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்று சொல்லிவிட்டது. போனில் உன்னிடம் சொல்லலாம் என்றால், நீ ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, ‘என்ன அத்தான், என்ன மிச்சம்?’ என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவாய். அதனால்தான் கடிதம். அக்காவிடமே கொடுத்தனுப்புகிறேன், வேறு ஆள் இல்லை.

மச்சான், உன் வீட்டைத் தாண்டினால் அந்தக் கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. நீ என்ன செய்வாயோ ஏது செய்வாயோ, அவளை அதற்கு மேல் விடாதே. நெஞ்சு வலி என்று படுத்துவிடு. நெஞ்சு வலி வேண்டாம், அவள் நாடி பிடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பாதையில் மண் சரிந்துவிட்டது என்று சொல், சாவியைத் தண்ணீர்த் தொட்டியில் போடு, டயரில் காற்றை இறக்கிவிடு. நாலு டயரையும் இறக்கு, ஸ்டெப்னியையும் மறக்காதே. எனக்கென்று இருக்கிறவள் அவள் ஒருத்திதான்டா. அவள் வண்டியை எடுக்கிற சத்தம் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்காது, இப்போதே தெரிகிறது.

கூப்பிடுகிறாள். முடிக்கிறேன். நீயும் உன் பிள்ளைகுட்டிகளும் எந்தக் குறையும் இல்லாமல், முக்கியமாக எந்த மிச்சமும் இல்லாமல், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
சட்டைப் பையில் ஒரு கிளிப்போடு
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதுவது. உன் வீட்டுக்கு ரெண்டு தெரு முன்னாடி வண்டியை ஓரங்கட்டி வச்சுக்கிட்டு எழுதறேன். உங்க அத்தான் கவரைக்கூட ஒட்டாம குடுத்தார், குடுக்கும்போது என் முகத்தையே பார்க்கல. படிக்காம எப்படி இருக்கிறது? வேண்டியது பத்துதான். பதினொண்ணாவதை நான்தான் கேட்டு வாங்கினேன். இவரை எனக்குத் தெரியாதா? கணக்கு நேராயிட்டா கையைத் தட்டிக்கிட்டு எழுந்துடுவார், உள்ளே எது கோணலாக் கிடந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். கணக்கு ஒண்ணு உதைச்சாத்தான் குடைஞ்சு குடைஞ்சு பார்ப்பார்னு செஞ்சேன். பாவம், இப்படிப் பயப்படுவார்னு நினைக்கல. இடது பக்கம் ஒண்ணு பாதிதான் இறங்கியிருந்துச்சுன்னு எழுதியிருக்கார் பார், அதைப் படிச்சதும் இறங்கிப் போய் முன்னாடி இடது சக்கரத்தைக் கையால தடவிப் பார்த்துட்டு வந்தேன். இதோ வரேன், காபி போட்டு வை, டயர் பக்கம் போகாதே. அவர்கிட்ட எதையும் சொல்லிடாதே. அடுத்த வாரம் பிரேக்கைப் பிரிக்கப் போறாராம். அதுக்குக் கூடுதலா ரெண்டாவே வாங்கிடறேன்.