ஜானகி போடாத கையெழுத்து

ஸ்கெலட்டன் லைன்,
கோலார் தங்கவயல்,
14.8.1977

மரியாதைக்குரிய மச்சான் அப்பாதுரை அவர்களுக்கு, உங்கள் தங்கை ஜானகியின் புருஷன் தம்மபாலன் எழுதுவது. பகவன் புத்தர் கருணையால் என் இடது காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் நலம். அரக்கோணத்தில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள், ரயில்வேயும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் உடனே லீவு போட்டுவிட்டு இங்கே வரவேண்டும். வந்து ஒரு காகிதத்தில் ஒரே ஒரு கையெழுத்துப் போடவேண்டும். சொத்து விவகாரம் இல்லை, பயப்படாதீர்கள். எனக்கு ஊசி போட்டுக்கொள்ள உங்கள் கையெழுத்து வேண்டும். போடவேண்டியவள் உங்கள் தங்கை. அவள் போடமாட்டேன் என்கிறாள்.

எழுபத்தொன்றில் சுரங்கத்து அடியில் பாறை வெடித்தது உங்களுக்குத் தெரியும். என் பார்ட்னர் இன்பராஜ் அன்றைக்கே போய்விட்டான், நான் கால் நசுங்கிப் பிழைத்தேன். காயம் மூன்று மாசத்தில் ஆறிவிட்டது மச்சான், எரிச்சல் மட்டும் ஆறு வருஷமாக ஆறவில்லை. போர்வை பட்டால் நெருப்பு, காற்று பட்டால் முள், மழை வருகிறது என்றால் எனக்கு ஒரு நாள் முன்னாடியே தெரியும். போர்வை படக்கூடாது என்று ஜானகி கோழி கவிழ்க்கிற கூடையை என் கால்மேல் கவிழ்த்து அதன்மேல் போர்வையைப் போடுகிறாள். அந்தக் கூடைக்குச் சொந்தக்காரக் கோழி தினமும் சாயங்காலம் வந்து என்னை முறைத்துவிட்டுப் போகிறது. யாராவது கிட்டே வந்தாலே கத்துகிறேன். பேரன் தவழ்ந்து வந்தால் கத்துகிறேன். உங்கள் தங்கை கட்டில் பக்கமாக நடந்துபோனால்கூடக் கத்துகிறேன். வலி ஒரு பக்கம் இருக்க, இப்படிக் கத்திக் கத்தி நானே ஒரு சிடுமூஞ்சிக் கிழவன் ஆகிவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

போன மாசம் பழைய காயத்துக்குள் ஒரு கல்துண்டு தலைகாட்டியது. அதை எடுக்க மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே நாகேஷ் என்று ஒரு டாக்டர், மீசை இன்னும் சரியாகப் பிடிக்காத வயசு, கன்னடத்தையும் தமிழையும் ஒரே பாத்திரத்தில் கலக்கிப் பேசுவார். “புது மயக்க மருந்து வந்திருக்கு, கெட்டமைன்னு பேரு. மூச்சு நிக்காது, கண்ணு திறந்தே இருக்கும், ஆனா நீ இங்க இருக்கமாட்டே” என்றார். “எங்க சார் இருப்பேன்?” என்று கேட்டேன். “அது நினகே கொத்து, உனக்குத்தான் தெரியும், திரும்பி வந்து நீதான் சொல்லணும்” என்றார். சரி, பார்த்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

மச்சான், நான் எங்கே போனேன் தெரியுமா? ஐம்பத்தேழுக்குப் போனேன்! சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கேஜ் இறங்குகிறது, காது அடைக்கிறது, பக்கத்தில் இன்பராஜ் நிற்கிறான். தலைக்கு எண்ணெய் வைத்து வழித்து வாரியிருக்கிறான், அடியில் போய் யாருக்குக் காட்டப்போகிறானோ. எங்கள் மேலதிகாரி டக்ளஸ் துரை வழக்கம்போலத் தமிழில் திட்டுகிறார், அவருக்கு அந்தப் பத்து வார்த்தை மட்டும் சுத்தமாக வரும். சூடு என்றால் அப்படி ஒரு சூடு, உடம்பெல்லாம் தண்ணீராக ஊற்றுகிறது, நாங்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறோம். இன்பராஜ் தன் சோத்து டப்பாவைத் திறந்து கருவாட்டை எனக்குத் தள்ளுகிறான். என் கால் இரண்டும் என் கால். அந்தக் காலத்தில் அடியில் பட்ட கஷ்டத்தை நான் மறக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், அங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது.

இது நான் கண்டது. வெளியே நடந்தது வேறே. கல்லை எடுத்துவிட்டு என்னைக் கொண்டுவந்து ஆண்கள் வார்டில் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு கட்டில், அதில் என்னைத் தவிர ஒன்பது பேர் நம்ம சுரங்க ஆளுங்கதான். அந்த ஒன்பதில் ஒருத்தராக மூலைக் கட்டிலில், நம்பினால் நம்புங்கள், அதே டக்ளஸ் துரை, ரிடையர் ஆகி ஹெர்னியா ஆபரேஷனுக்கு வந்து படுத்திருக்கிறார். எனக்கு இன்னும் தெளியவில்லை. உள்ளே நானும் இன்பராஜும் வெடிக்குத் திரி பற்றவைத்துவிட்டோம். பற்றவைத்தால் கத்தணும் இல்லையா, கத்தினேன். “பத்த வச்சாச்சு! அல்லாரும் வெளிய போ!” என்று கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே கத்தியிருக்கிறேன். முப்பது வருஷம் அந்தச் சத்தத்துக்கு ஓடிய உடம்புங்க மச்சான், மூளையைக் கேட்டுக்கிட்டா ஓடும்? ஒன்பது பேரும் எழுந்து ஓட்டம். குளுக்கோஸ் பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஒருத்தன், மாவுக்கட்டோடு ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டு ஒருத்தன், வராந்தாவில் போய்ச் சுவரோரமாக வரிசையாகக் குந்தி, வாயைத் திறந்து, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அதைப் பார்த்த மற்ற இரண்டு பேர், ஒருத்தர் ஸ்கூல் வாத்தியார், இன்னொருத்தர் மளிகைக்கடைக்காரர், என்ன ஏதென்று தெரியாமலே அவங்களும் போய் வாயைத் திறந்து உட்கார்ந்தார்கள். டக்ளஸ் துரை தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டே ஆள் எண்ணினார். பதினொண்ணு. “ஒரு ஆளு கம்மி! எவன்டா அவன்?” என்று கேட்டிருக்கிறார். கம்மியான ஆளு நான்தான், கட்டிலில் படுத்து மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டு இருக்கிறேன். ஆளை உள்ளே விட்டுவிட்டு வந்த வழக்கம் நம்மகிட்ட உண்டா? நாலு பேர் திரும்பி ஓடி வந்து என்னைக் கட்டிலோடு தூக்கிக்கினு வராந்தாவுக்கு வந்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் நர்ஸம்மா வந்து, எந்த வெடி, எங்கே வெடி என்று கேட்க, என்னைக் கட்டிலோடு பழைய இடத்தில் போட்டுவிட்டு, ஒவ்வொருத்தராகத் தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்களாம்.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை, வார்டே சிரித்தது. வினை அதற்குப் பிறகு வந்தது. சத்தம் கேட்டு ஜானகி உள்ளே ஓடி வந்து என் கையைப் பிடித்திருக்கிறாள். நான் அவளை மேலும் கீழும் பார்த்து, “யாரும்மா நீங்க?” என்று கேட்டேனாம். இருபது வருஷம் குடும்பம் நடத்தினவளை! அதை நர்ஸம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும், எனக்கு அந்த இடம் நினைவில் இல்லை.

இப்போது முக்கியமானதைக் கேளுங்கள். ஊசியின் மயக்கம் ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. எரிச்சல் திரும்பி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒன்பது நாள் வரவில்லை மச்சான்! செருப்புப் போட்டுக்கினு ஸ்கெலட்டன்ல இருந்து மைசூர் மைன்ஸ் வரைக்கும் நடந்தேன், எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, சும்மா போய் நின்னு பார்த்துட்டு வந்தேன். பேரனைக் கால்மேல் நிற்கவைத்தேன். கூடையைக் கோழிக்குத் திருப்பிக் கொடுத்தோம். மூணாம் நாள் ஜானகி வெந்நீர் கொண்டுவந்து என் காலைக் கழுவிவிட்டாள். ஆறு வருஷத்துக்கு அப்புறம் அவள் கை அந்தக் காலில் பட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அவளும் அழுதாள்.

பத்தாம் நாள் காலையில் எரிச்சல் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்துவிட்டது. மறுபடியும் கூடை. நாகேஷ் டாக்டரிடம் ஓடினேன். அவருக்கே ஆச்சரியம். “நரம்புக்கு விபத்து முடிஞ்சுபோனது இன்னும் தெரியலை, இந்த மருந்து அதுக்கு எப்படியோ எடுத்துச் சொல்லுது போல. நான் இதை எந்தப் புஸ்தகத்துலயும் படிக்கலை. பாட்டில்ல கொஞ்சமா கலந்து, மெதுவா, நாலு மணி நேரம் ஏத்திப் பார்க்கலாம். கேக்கும்னு சத்தியம் பண்ணமாட்டேன். சொந்தக்காரங்க ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் கூடவே உக்காரணும்” என்றார். அந்தக் காகிதம் பன்னிரண்டு நாளாக வீட்டில் அலமாரிமேல் கிடக்கிறது.

கேட்டுப் பார்த்துவிட்டேன், கெஞ்சிப் பார்த்துவிட்டேன், ஒரு வேளை சோறு வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன், சரி என்று பானையை மூடிவிட்டாள். “ஏன் போடமாட்டே?” என்றால் முகம் சிவந்து எழுந்து போய்விடுகிறாள். எனக்குப் புரியாமல் இல்லை. அன்றைக்கு நான் யார் என்று கேட்டது அவள் மனசில் முள்ளாகத் தைத்திருக்கிறது. இந்த ஆளு அங்கே போனால் செத்தவங்களோட சிரிச்சிக்கினு இருக்கான், நம்மை மறந்துபோறான், நாலு மணி நேரம் போனா திரும்பி வருவானோ மாட்டானோ என்று பயப்படுகிறாள். பயம் நியாயம்தான். ஆனால் மச்சான், நான் அங்கே இருக்கிறதுக்காக ஊசி கேட்கவில்லை. அந்த ஒன்பது நாள் மாதிரி இங்கே இருக்கத்தான் கேட்கிறேன். இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் சொன்னால் கேட்பாள். கேட்காவிட்டால் நீங்களே கையெழுத்துப் போட்டுவிடுங்கள், பாதகமில்லை.

எல்லா உயிரும் துன்பமில்லாமல் இருக்கட்டும், என் இடது காலையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
எழுந்துவந்து அழைக்க முடியாத உங்கள் மாப்பிள்ளை,
தம்மபாலன்

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் தப்பு. கடிதத்தை ஒட்டச் சொல்லி ஜானகியிடம் கொடுத்தேன். அவள் கையில் சோற்றுப் பருக்கையோடு நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டுச் சிரித்தாள். “நான் பயந்தேனா? யாரும்மா நீங்கன்னு கேட்டதோட நிறுத்தினியாய்யா நீ? டக்ளஸ் துரையக் கூப்ட்டு, ‘துரை, இது யாரு ஊட்டுப் பொண்ணு, நல்லாக் கீதே’ன்ன. அப்பாலிக்கா என் கையப் புடிச்சிக்கினு, ‘இன்னாம்மா, என்னைக் கட்டிக்கிறியா?’ன்ன. வார்டு பூரா பாத்துக்கினு கீது. பேரன் எடுத்தவ நான், மூஞ்ச எங்க வச்சிக்கிறது? மறுபடியும் ஊசி போட்டா மறுபடியும் கேப்பியேன்னுதான்யா போடல” என்றாள். பிறகு அவளே சொன்னாள்: “நம்ம கல்யாணத்துக்கு எங்கப்பாவக் கேட்டாங்க, எங்கண்ணனக் கேட்டாங்க. என்னை யாரு கேட்டா? நீகூடக் கேக்கல. அன்னிக்குத்தான் கேட்ட. நான் பதில் சொல்றதுக்குள்ள வாந்தி எடுத்து முழிச்சிக்கின.” சொல்லிவிட்டு அலமாரிமேலிருந்து காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அடுத்த வியாழக்கிழமை ஊசி. பதில் என்ன என்று கேட்டேன். “இங்க சொல்லமாட்டேன். அங்க வந்து கேளு, சொல்றேன்” என்கிறாள்.

ஆகவே கையெழுத்துக்கு நீங்கள் வரவேண்டியதில்லை. ஆனால் அவள் சொல்லும்போது நான் அங்கே இருக்கமாட்டேனே மச்சான்? சொன்னதும் எனக்கு நினைவிருக்காதே? நர்ஸம்மாவைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. புதன்கிழமையே வந்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் என்ன சொல்கிறாள் என்று நன்றாகக் கேட்டு, எனக்குச் சொல்லுங்கள்.