வட்டம் மாட்டுக்கு, மூலை எனக்கு

இந்தப் பினாங்குத் தீவில் நிலத்தை மாட்டின் கழுத்தைக் கொண்டு அளந்தவர் ஒரே ஒருவர்தான். அவரை எல்லோரும் முளைக்குச்சி அண்ணன் என்றே அழைத்தோம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்க எனக்குக் கூச்சம். கேட்டிருந்தாலும் மாட்டின் பெயரைத்தான் சொல்லியிருப்பார்.

கொடிமலைக்கு ரயில் வராத காலம் அது. வெள்ளைக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்களின் தோளில் ஏறி வருவார்கள். அங்கே ஒரு துரையின் பங்களாவில் நான் தோட்டக்காரன். செடிகளோடு பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு ஏற்ற வேலை. அதே பங்களாவுக்குப் பால் கறந்து கொடுத்தவர் முளைக்குச்சி அண்ணன். மலையில் சமதரை அபூர்வம். எங்களுக்கு இருந்தது சரிவில் படிபோல வெட்டிய ஒரே ஒரு தட்டு. மேல்பாதி அண்ணனின் நான்கு மாடுகளுக்கு, கீழ்ப்பாதி என் காய்கறிக்கு என்று துரை பிரித்துவிட்டிருந்தார்.

அண்ணன் தரையில் ஒரு முளைக்குச்சி அடித்து மாட்டைக் கட்டினால், கயிறு எட்டும் தூரம்வரை மாட்டின் சொத்து. அதில் வழக்கு வம்பு கிடையாது. குச்சி மட்டும் ஒரே இடத்தில் நிற்காது. மழை பெய்தால் ஒரு சாண் என் பக்கமாகக் கீழே இறங்கும். வெயில் அடித்தாலும் இறங்கும்.

ஒருநாள் காலையில் என் முட்டைக்கோஸ் வரிசை ஒன்று காணாமல் போயிருந்தது. அது இருந்த இடத்தில் செவலைப் பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. இன்று கேட்டே தீருவது என்று, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடியே கொட்டகைக்குப் போனேன்.

"என்ன தம்பி, முகமெல்லாம் செவந்திருக்கு? காய்ச்சலா?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே. செவலை... நல்லா இருக்கா?"

"உன் கோஸ் தின்னதுல இருந்து ரொம்ப நல்லா இருக்கு லா. இன்னும் ரெண்டு வரிசை சேத்துப் போடு."

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னபடி போட்டும் விட்டேன்.

பிறகு மூங்கில் வெட்டி வேலி கட்டினேன். என் வாய் சொல்லாததை வேலி சொல்லும் என்று நம்பினேன். அண்ணன் வந்து அதை ஆட்டிப் பார்த்தார்.

"மாடு முதுகு சொறியத் தோதா கட்டியிருக்கே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நானும் கை கொடுத்திருப்பேனே."

வேலி இரண்டு முதுகுகளுக்கு மேல் தாங்கவில்லை.

கடைசியில் அவரே ஓர் ஒப்பந்தம் சொன்னார். "மண்ணுக்கு வாய் கிடையாது, மாட்டுக்கு இருக்கு. அதான் நான் மாட்டுப் பக்கம். ஆனா உன்னையும் பாக்கணும்ல? தட்டு முழுக்க நாலு குச்சி அடிக்கிறேன். கயிறு சுத்துற வட்டம் மாட்டுக்கு. மிச்சம் இருக்கிற மூலையெல்லாம் உனக்கு."

நான் தலையாட்டினேன். வட்டங்களுக்கு இடையே மிஞ்சிய துண்டு நிலங்களில் பீன்ஸும் கேரட்டும் போட்டேன். ஓரங்களில் ஈட்டிமுனைபோல, நடுவில் நட்சத்திரம்போல என் தோட்டம் அமைந்தது. சாணம் பக்கத்திலேயே கிடைத்ததால் செடிகள் கொழுத்தன. வட்டத்துப் புல் போதாத நாளில் அண்ணன் காட்டில் அறுத்துச் சுமந்து வந்தாரே தவிர, கயிற்றை ஒரு விரல்கூட நீட்டவில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டால் அவர் மீற மாட்டார். சொல்லாதவரைதான் ஆபத்து.

அடுத்த வருஷம் துரை ஆள் அனுப்பினார். தட்டில் இனி மாடு, தோட்டம் இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டுமாம். துரைசானி வந்து பார்த்துத் தீர்மானிப்பார். மாடு தோற்றால் அண்ணன் நான்கையும் விற்க வேண்டியதுதான், கீழே டவுனில் அவருக்குக் கொட்டகை கிடையாது. நான் தோற்றால் டவுனை ஒட்டிய டத்தோ கிராமாட்டில் என் அக்கா வீட்டுக்குத் திரும்பி, மச்சான் முகத்தில் விழிக்க வேண்டும். இரண்டில் எது பெரிய கஷ்டம் என்று எனக்கு அப்போது சந்தேகம் இருந்தது.

துரைசானி வந்த அன்று அண்ணன் மற்ற மாடுகளைக் கொட்டகையில் கட்டிவிட்டு, செவலையை மட்டும் குளிப்பாட்டி, குங்குமம் வைத்து, வேலைக்கு ஆள் கூட்டி வந்தவர்போல நிறுத்தியிருந்தார். துரைசானி செவலையைப் பார்க்கவே இல்லை. பங்களா வாசலிலிருந்து கீழே தட்டைப் பார்த்துக் கை தட்டினார். ஒட்ட மேய்ந்த நான்கு பச்சை வட்டங்கள், அவற்றைச் சுற்றி என் செடிகள். தம் ஊர்ப் பூந்தோட்டம் மாதிரியே இருக்கிறதாம். எங்களோடு பேசும் மலாயில், இதைச் செய்தவனிடமே தட்டு முழுவதையும் கொடுத்துவிடலாம், மாடுகள் கீழே போகட்டும் என்றார்.

பிறகு மண்வெட்டியோடு நின்ற என்னைப் பார்த்து, "சியாப்பா பிக்கின்?" என்றார். யார் செய்தது என்று அர்த்தம்.

தலையாட்டினால் போதும். அதைவிட நன்றாக எனக்கு வேறெதுவும் செய்யத் தெரியாது.

அண்ணனைப் பார்த்தேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் மனிதர், கயிற்றைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, செவலையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லெம்பு பிக்கின், மேம்" என்றேன். மாடு செய்தது.

துரைசானிக்குப் புரியவில்லை. மேற்கொண்டு சொல்ல எனக்கு மலாய் வரவில்லை. தட்டில் இறங்கி, குனிந்து, குச்சியில் கட்டிய மாடுபோலச் சுற்றிக் காட்டினேன். பாதி வட்டத்தில் சாணத்தில் வழுக்கியும் விழுந்தேன். துரைசானி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாடு போனால் வட்டமும் போய்விடும் என்பது ஒருவழியாகப் புரிந்துவிட்டது. எல்லாம் இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தட்டு முழுவதும் கைக்கு வந்த நேரத்தில், அதில் பெரும்பகுதியை மாட்டுக்கு விட்டுக்கொடுக்க நான்கு காலில் நடந்த தோட்டக்காரன் நான் ஒருவன்தான்.

அண்ணன் நன்றியெல்லாம் சொல்லவில்லை.

"மாடு அப்படியா தம்பி நடக்கும்? உனக்குப் பின்னங்கால் சரியில்ல" என்றார்.

அன்று மாலை வழக்கம்போல என் குவளையில் பால் ஊற்றிவிட்டுப் போனார். ஒரு வாய் குடித்ததும்தான், அதுவரை நான் குடித்து வந்தது என்னவென்று தெரிந்தது. மறுநாளிலிருந்து பழையபடியே வந்தது. நானும் கேட்கவில்லை. இப்போது எனக்குக் கெட்டிப் பால் எங்கேயும் கிடைக்கிறது. குடிக்கும்போதெல்லாம் அதில் அண்ணன் ஊற்றும் தண்ணீர் குறைவதாகவே தோன்றுகிறது.