அட்டைக்காரரின் ஞானப்பல்

ஒரே ஒரு பல்லை வைத்துக்கொண்டு ஊரையே பைத்தியம் ஆக்கிய ஆள் காஞ்சிபுரத்தில் எங்கள் அட்டைக்காரர் ஒருத்தர்தான். பதினோரு வருஷம் அவருக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். சும்மா சொல்லவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் சின்னப் பட்டறை. புடவையில் எந்த இழை மேலே வர வேண்டும் என்று தறிக்குச் சொல்வது ஓட்டை போட்ட அட்டைகள்தான். அவர் ஓட்டை போடுவார். நான் அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தைப்பேன். ஓட்டை வேண்டுமா வேண்டாமா என்று நாளெல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில் முடிவு செய்கிற மனுஷன். ஒன்றுகூடத் தப்பாது. ஆனால் ஞானப்பல் கோணலாக முளைத்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்று பல் டாக்டர் சொன்ன நாளிலிருந்து உருப்படவில்லை.

“எடுத்துட்டா திரும்ப வைக்க முடியாதேம்மா.”

“எதுக்குணா திரும்ப வைக்கணும்?”

“ஒருவேள தேவப்பட்டா?”

டீக்கடையில் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் செல்போன் லைட் அடித்து வாயைத் திறந்து காட்டினார். “எட்டிப் பாருங்க பாய், எடுக்கிற மாதிரி இருக்குதா?” பாய் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் சாமியிடம் பூ கட்டிக் கேட்கக் கிளம்பினார். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சிவப்பு வந்தால் பல்லை எடுப்பது, வெள்ளை வந்தால் விடுவது. தெருமுனை அம்மன் கோயிலில் சிவப்பு வந்தது. அதோடு விட்டாரா? பெருமாளையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சின்ன காஞ்சிபுரத்துக்கு சைக்கிள் மிதித்தார். அங்கே வெள்ளை. எங்கள் ஊரில் கோயிலுக்கா பஞ்சம்? வெள்ளிக்கிழமைக்குள் பதினாலு கோயில் முடித்தார். ஏழு சிவப்பு, ஏழு வெள்ளை.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு போயி கேக்கட்டாம்மா?”

“போணா. போயி அங்கயே குந்திக்கோ!”

கன்னம் வீங்கிக்கொண்டே போனது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கல்யாணப் புடவைக்கு மயில் பார்டர் அட்டை அடித்தார். முனகல் தாங்காமல் நானும் சரியாகப் பார்க்காமல் தைத்துத் தள்ளினேன். மூன்றாம் நாள் நெசவாளி செல்போனில் போட்டோவோடு ஓடி வந்தார்.

“இன்னாய்யா இது? மயிலுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துக்கினு இருக்குது!”

வரிசையாக ஆறு மயில். ஆறுக்கும் கன்னம் உப்பியிருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அட்டைக்காரர் சிரிக்கவில்லை. அவர் கையில் நடந்த முதல் தப்பு அது. உட்கார்ந்து அந்த அட்டைகளைப் புதிதாக அடித்துக் கொடுத்தார். பிறகு எழுந்தார்.

“வாயில இருந்த வரைக்கும் சரிம்மா. கைக்கு வந்துட்ச்சி. வா, எடுத்துடலாம்.”

பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என் விரல்களை நசுக்கிப் பிழிந்தார். பல் அஞ்சு நிமிஷத்தில் வந்துவிட்டது. விரல் சரியாக ஒரு வாரம் ஆனது.

மறுநாள் வாய் நிறையப் பஞ்சோடு பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பதினோரு மணிக்கு நானே கேட்டேன்.

“மத்தியானத்துக்குக் கஞ்சி கொண்டாரட்டா, தயிர் சோறா?”

மோட்டுவளையைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்தார். கால் மணி நேரம் யோசித்தார்.

நான் ரெண்டையும் கொண்டுபோனேன்.