கட்டாக்காலி மாடுகளின் லோயர்

சாய்ந்தமருதில் எல்லா வழக்கிலும் தோற்ற ஒரே லோயர் எங்கள் மாட்டு லோயர்தான். சட்டம் படித்தவரல்ல, கடற்கரை வீதியில் டயருக்கு ஒட்டுப் போடுகிறவர். கட்சிக்காரர்கள் கட்டாக்காலி மாடுகள். பால் வற்றியதும் கயிற்றை அவிழ்த்து றோட்டில் விடுகிறோமே, அந்த மாடுகள்.

ஒருமுறை அவற்றின் கொம்புகளில் வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். மஃரிப் தொழுகைக்குப் பிறகு இருட்டில் வந்த ஓட்டோக்காரன் ஒருவன், முன்னால் ஏதோ வாகனம் நிற்கிறதென்று ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்தான். இறங்கிப்போய் ஏசினான். வாகனம் அவனுடைய சேர்ட்டை நக்கியது. சண்டைக்கு வந்தவனிடம் லோயர் சொன்னார்:

"ஒட்டாம விட்டிருந்தா நீ இப்ப ஆஸ்பத்திரில. போ, மாட்டுக்கு ஒரு சலாம் சொல்லிட்டுப் போ."

ஜும்ஆ முடிந்து சனம் வெளியேறும்போது பள்ளிவாசல் கேற்றில் நிற்பார்.

"அறுக்கிறத நான் பிழையெண்டு சொல்லல்ல. அதுக்கு மார்க்கத்தில முறை இரிக்கி. கட்டி வளர்த்து, பாலையும் குடிச்சிட்டு, சொப்பிங் பேக் தின்ன றோட்டில விடுறதுக்கு எந்தக் கிதாபில முறை இரிக்கி?"

நாங்களெல்லாம் செருப்புத் தேடுவதில் மும்முரமாகிவிடுவோம்.

ஒரு காலை, சிவலைப் பசு ஒன்றை லொறி இடித்துவிட்டுப் போனது. எழும்ப முடியாமல் வீதியோரம் கிடந்தது. "ஆர்ர மாடு இது?" என்று லோயர் கடை கடையாகக் கேட்டார். அன்று ஊரில் ஒருவருக்கும் மாடே இல்லை. நாலு பேரைப் பிடித்துத் தூக்கித் தன் கடைக்குக் கொண்டுபோனார். எண்ணெய் பூசி, புல் வெட்டிப் போட்டு, நாலு மாதம் பார்த்தார். பசு எழும்பியது. கன்றும் போட்டது.

கன்று போட்ட மூன்றாம் நாள் அந்த மாட்டுக்கு மூன்று சொந்தக்காரர்கள் வந்தார்கள். உண்மையான சொந்தக்காரர் என் மனைவியின் வாப்பா, ஹாஜியார். சாட்சிக்கு என்னையும் கூட்டிப் போனார். நான் பள்ளிக்கூட மாஸ்டர். என் சொல்லுக்கு ஊரில் மதிப்பிருந்தது.

"மருமகன், தொடையில சுட்டிரிக்கிறது நம்மட குறிதானே?"

"ஓம்," என்றேன்.

லோயர் என் பக்கம் திரும்பினார். "மாஸ்டர், இது அடிபட்டுக் கிடந்த அண்டைக்கு நீங்க இந்த றோட்டாலதானே பள்ளிக்கூடம் போன?"

நான் அவருடைய பழைய டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று பசுவைக் கண்டிருந்தேன். குறியையும் கண்டிருந்தேன். முதலாம் பாடத்துக்கு நேரமாகிவிட்டதென்று மோட்டார் சைக்கிளை நிறுத்தவில்லை.

அவர் மேற்கொண்டு வாதாடவில்லை. கயிற்றை ஹாஜியாரின் கையில் கொடுத்தார். "வலப் பின்னங்கால் இன்னும் நோகும். மெல்ல நடத்துங்க."

மாதக்கணக்காக என் பிள்ளைகள் அந்தப் பாலைத்தான் குடித்தார்கள். பால் வற்றியதும் மாமா மறுபடியும் கயிற்றை அவிழ்த்தார்.

"அது போய் மேயும்," என்றார்.

பக்கத்து ஊர் கல்முனை வரைக்கும் கடைகளும் மதில்களும்தான். எங்கே போய் மேயும்? கேட்க வாய் வரவில்லை. பால் குடித்த வீட்டில் நானும் ஒருவன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை அது வாய்க்கால் ஓரம் வயிறு ஊதிச் செத்துக் கிடந்தது. வாயில் பாதி விழுங்கிய பிளாஸ்டிக் சொப்பிங் பேக். லோயர் தனியாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். இந்த முறை நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். பக்கத்து வீட்டில் மண்வெட்டி வாங்கிக்கொண்டு இறங்கினேன். ஏசப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டே வெட்டினேன்.

குழி முழங்கால் ஆழம் ஆனதும் லோயர் என் கால்சட்டையைப் பார்த்தார்.

"களிசான மடிச்சு விடுங்க மாஸ்டர். சேறு பட்டாப் பள்ளிக்கூடத்தில பிள்ளையள் சிரிக்கும்."

அந்த மனிதர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.