வழியாது என்று நிறுவப்பட்ட தொட்டி

ஒரு தேற்றம் முற்றிலும் சரியாக இருக்கும்போதே ஒருவருடைய மிளகாய் நாற்றுமேடை அழிந்துபோக முடியுமா? விசுவமடுவில், பாக்கியம் அக்காவின் தோட்டத்தில், ஒரு காலைப்பொழுது என்னிடம் இக்கேள்வியைக் கேட்டது. முடியும். நானே செய்து காட்டியிருக்கிறேன்.

இயந்திரத் தொகுதிகள் தவறிழைக்கமாட்டா என்பதைக் கணினியைக் கொண்டு கணித முறையில் நிறுவுவதே பல்கலைக்கழகத்தில் நான் கற்றது. நீர்மட்டம் சிறுகச் சிறுக உயரும். பம்போ ஒரு நொடியில் இயங்கும், ஒரு நொடியில் நிற்கும். இவ்விரண்டும் கலந்த தொகுதி எந்நிலையிலும் எல்லை மீறாது என்று காட்டவேண்டும். ஊருக்குப் பயன்படட்டும் என்று, அக்காவின் கிணற்றடித் தொட்டிக்கு ஒரு தானியங்கிக் கட்டுப்பாட்டை அமைத்தேன். தொட்டிச் சுவரின் மேற்பகுதியில் வெடிப்பு இருந்தது. அதற்குக் கீழே சிவப்புக் கோடு கீறி, சில எடுகோள்களை, அதாவது உண்மையென்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டவற்றை, அடிப்படையாக வைத்து நீர் அதைத் தாண்டாது என நிறுவினேன். (அன்று வீட்டில் பாயாசம் காய்ச்சச் சொன்னதும் நான்தான்.)

அக்கா ஒன்றுதான் கேட்டார். "பிள்ளை, கரண்ட் போனா?"

"பம்ப் நிண்டிடும் அக்கா. தண்ணி ஏறாது."

"அதில்லைப் பிள்ளை, கரண்ட் போனா நாங்கள்..."

"அதையும் கணக்கில எடுத்திருக்கிறன்," என்று அவருடைய வாக்கியத்தை நானே முடித்துவைத்தேன்.

மறுநாள் மின்சாரம் போனது. அக்கா வழக்கம்போல மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் மெசினை இயக்கி, அதன் குழாயைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, தொட்டியின் கீழிருந்த நாற்றுமேடையில் களை பிடுங்கக் குனிந்தார். மின்சாரம் திரும்பியது. என் பம்பும் இயங்கி, சிவப்புக் கோட்டில் ஒழுங்காக நின்றது. மெசின் நிற்கவில்லை.

கிணற்றடியில் கதிரை போட்டு மடிக்கணினியுடன் உட்கார்ந்திருந்த எனக்கு மெசின் சத்தம் கேட்டது. (அடுத்த ஊருக்கும் கேட்டிருக்கும்.) ஆனால் என் சமன்பாடுகளில் மெசின் இல்லை. திரையில் நீர்மட்டம் கோட்டைத் தாண்டியது. தேற்றம் சரி, ஆகவே அளக்கும் கருவிதான் பொய் சொல்கிறது என்று முடிவுசெய்து, நிறுவலை மீண்டும் ஓட்டினேன். 'நிறுவப்பட்டது' என்றது கணினி. நிமிர்ந்தபோது வெடிப்பிலிருந்து நீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. நேர் கீழே அக்காவின் முதுகு.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். வந்தது ஒரே சொல்: "எடுகோள்!"

அக்கா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அவர் வரம்பைத் தாண்டி ஒதுங்கிய கணத்தில் சுவரின் மேற்பாதி நாற்றுமேடைமேல் சரிந்தது.

அக்கா மெசினை நிறுத்திவிட்டுச் சேற்றுக் காலுடன் வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன்.

"கரண்ட் போனா நாங்கள் மெசின் போடுறனாங்கள்," என்றார். "அதைத்தான் சொல்ல வந்தனான். நீங்கள் விடேல்லை."

தண்ணீர் என் பம்பிலிருந்து மட்டுமே வரும்: நிறுவலின் முதல் வரியில் நானே எழுதிய எடுகோள் அது.

நாற்று மீண்டும் முளைக்கும்வரை அக்காவின் நடுகை பிந்தியது. விதைக்கவும் நீர் தெளிக்கவும் நானும் கூட நின்றேன். எங்கள் குசினியில் பால் பொங்கி வழிந்தால் இன்றும் அம்மா, "வழியாதெண்டு நிறுவினனியோ பிள்ளை?" என்று கேட்கிறார்.

அதன்பின் எந்தத் தொட்டிக்கும் எடுகோள்களை நான் தனியாக எழுதியதில்லை. முதலில் அந்தத் தொட்டியைப் பாவிப்பவர்களுக்கு அவற்றை வாசித்துக் காட்டுகிறேன். அவர்கள் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.