முதலில் கியர் பாக்ஸ், அப்புறம் லீவ்

ஷார்ஜா,
ஏப்ரல் 24.

பெருமதிப்பிற்குரிய மாமா ஆன்றோ அவர்களின் சமூகத்திற்கு மருமகன் செல்வசிங் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் தங்கள் மகள் இன்பமணியும் பேத்தி அக்ஸாவும் சுகம். அங்கே தாங்களும் மாமியும் மாமியின் வலது முழங்காலும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் சொன்னால் தாங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள்; நான் சொல்வது தங்களுக்குப் புரியும் முன்னால் டீக்கடைக்காரருக்குப் புரிந்துவிடும். அதனால் எழுதி, எங்கள் ஐஸ் கம்பெனி ஜிபினிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் நாளை லீவில் ஊருக்கு வருகிறான். அவனுக்குப் பதில் ஆள் நேற்றுதான் வந்து சேர்ந்தான். பதில் ஆள் வந்து நின்றால்தான் லீவுக்காரன் கேட்டைத் தாண்டலாம் என்பது எங்கள் கம்பெனி வழக்கம்.

அக்ஸா முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை அழைப்பிதழின் படம் வாட்ஸாப்பில் வந்தது. அவள் பெயரைவிடத் தங்கள் பெயர் சற்றுப் பெரிதாக இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. மே மாதம் மூன்றாம் ஞாயிறு என்று நாளும் குறித்து, பந்தலுக்கும் பிரியாணிக்கும் சொல்லிவிட்டதாக மாமி சொன்னார்கள். ஆனால் போன வெள்ளிக்கிழமை வரை அந்தப் பந்தலில் நான் நிற்பேனா என்பது எனக்கே தெரியாது. அதற்குக் காரணம் தாங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தாங்கள்தான்.

தாங்கள் விசிட் விசாவில் இங்கே வந்திருந்தபோது, புத்தாண்டு அன்று எங்கள் முதலாளியின் மகன் ஹமத் கேக் சாப்பிட வந்ததும், தாங்கள் என் தோளில் கைபோட்டு, "மை சன் இன் லா. ஆல் கியர், ஆல் என்ஜின். ஃபுல் எக்ஸ்பர்ட்" என்று சொன்னதும், சொன்னதோடு நில்லாமல், முப்பத்தொரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து டிரைவர்களைப் பார்த்துப் பழகிய கையால் காற்றில் நாலு கியர் போட்டுக் காட்டியதும் தங்களுக்கு நினைவிருக்கும். மருமகனை எந்த இடத்திலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது தங்கள் குணம். ஆனால் உள்ளதைச் சொன்னால், எனக்குத் தெரிந்தது ஐஸ் பிளான்ட் கம்ப்ரஸர் ஒன்றுதான். லைசன்ஸுக்காக ஏழு தடவை ரோடு டெஸ்ட்டுக்குப் போய், ஏழு தடவையும் டாக்ஸியில் திரும்பி வந்தவன் நான். தங்கள் மகள் முதல் டெஸ்ட்டிலேயே பாஸ். தங்களை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வந்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது யார் என்பதையும், பின்சீட்டில் பெட்டியைப் பிடித்திருந்தது யார் என்பதையும் தாங்களே பார்த்தீர்கள். பார்த்த பிறகும் அப்படிச் சொன்னீர்கள்.

மார்ச் மாதம் லீவ் பேப்பரை எடுத்துக்கொண்டு ஹமதிடம் போனேன். பெரியவர் இப்போது தோட்டத்தோடு இருந்துவிட்டார். கம்பெனியை மகன்தான் பார்க்கிறான். அவன் பேப்பரைப் படிக்காமல் என்னை ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு வண்டியைக் காட்டினான். எழுபது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க வண்டி. முன்மூடி இல்லை, மட்கார்டு இல்லை, உள்ளே இருக்க வேண்டிய என்ஜின் வெளியே நின்றது. விபத்து எங்கே நடந்தது என்று கேட்டேன். இப்படி இருப்பதுதான் அழகாம். இதற்கு ஹாட் ராட் என்று பெயராம். பழைய வண்டியில் பெரிய என்ஜின் வைத்துக் கண்மண் தெரியாமல் ஓட்டுவதற்கு இங்கே ஒரு கூட்டமே இருக்கிறது. எல்லாம் தயார், கியர் பாக்ஸ்தான் இல்லை. அதுவும் ஆட்டோமேட்டிக்காக, தானே மாறுகிற கியராக வேண்டும், ஏனென்றால் அவனுக்கு ஒரு கையில் கரக் டீ இருக்க வேண்டும். புதிது வாங்கினால் அந்த வண்டிக்கு மரியாதை இல்லையாம். பழைய சாமான் யார்டுகளில் தேடி நல்லதாக ஒன்று எடுக்க வேண்டும். "செல்வா, யூ எக்ஸ்பர்ட். யுவர் ஃபாதர் டோல்ட். ஃபர்ஸ்ட் கியர் பாக்ஸ், தென் லீவ். கலாஸ்" என்று அரபியில் பேச்சை முடித்து, பேப்பரை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று மூன்று மொழிகளில் சொல்லிப் பார்த்தேன். தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் அடக்கமாகச் சொல்வார்கள் என்று சந்தோஷப்பட்டான். கம்பெனி வொர்க்ஷாப் மெக்கானிக் மணிகண்டனைப் பிடித்து, நீயே ஒன்று பார்த்து எடு என்று கெஞ்சினேன். "மாட்டுறது என் வேல. பாத்து எடுக்குறது எக்ஸ்பர்ட் வேல. நாளைக்கு மக்கர் பண்ணுனா என் லீவு போயிரும்ணே" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

மாமா, அக்ஸா பிறந்தபோது நான் இங்கே டியூட்டியில் இருந்தேன். ஞானஸ்நானத்தை வீடியோவில் பார்த்தேன். அதிலும் தங்கள் முதுகுதான் தெரிந்தது. நான்கு மாதம் கழித்துக் குழந்தையைக் கையில் வாங்கியபோது அவள் யாரோ எவரோ என்று அலறினாள். இந்தப் புதுநன்மையையும் விட்டால் எனக்குத் தாங்காது. அவளும் தினமும் காலையில் ஸ்கூல் பஸ்ஸில் ஏறும்போது, "டாடி, ஆர் யூ கமிங் ஆர் நாட்?" என்று கேட்கிறாள். பஸ்ஸில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் பதிலுக்காக என்னைப் பார்க்கின்றன. அதனால் யார்டுக்குப் போனேன்.

ஷார்ஜாவில் பழைய வண்டிச் சாமான் யார்டுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. உள்ளே போனால் கதவுகள் ஒரு மலை, பம்பர் ஒரு மலை, கியர் பாக்ஸ் ஒரு மலை. கான் பாய் என்ற பெஷாவர்க்காரர் எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டார். அந்த என்ஜினுக்கு ஆகிறவை 350, 400, 700 என்று மூன்று ரகமாம். எது நல்லது என்று நான் கேட்டிருக்க வேண்டும். எக்ஸ்பர்ட் கேட்கலாமா என்ற யோசனையில், பெரிய நம்பர்தான் நல்லதாக இருக்கும் என்று 700 என்றேன். பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்ததாகப் பார்த்து எடுத்து, நாலு பேர் தூக்கிப் பிக்கப்பில் ஏற்றிக் கொண்டு வந்தோம். மணிகண்டன் சுற்றி வந்து பார்த்தான். "அண்ணே, இது நாலு சக்கரமும் இழுக்குற ஜீப்புல உள்ளது. வாலு வேற. நம்ம வண்டிக்கு ரெண்டு சக்கரந்தான் இழுக்கும். இது சேராது" என்றான். கியர் பாக்ஸுக்கு வால் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஹமதிடம், வேண்டுமென்றேதான் கொண்டு வந்தேன், கான் பாய் வாக்கு மாறாமல் திருப்பி எடுக்கிறாரா என்று சோதித்தேன் என்றேன். அவன் என் முன்யோசனையை மெச்சினான். கான் பாய் திருப்பி எடுத்துக்கொண்டார். மாமா, நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். குடும்பத்தில் ஒருவர் தொடங்கி வைத்தால் மற்றவர்களுக்கும் தானாக வருகிறது.

இரண்டாவதாக எதை எடுக்கலாம் என்று தங்கள் மகளைக் கேட்டேன். அவள் அப்போது ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நடுவுல உள்ளத எடுங்க" என்றாள். 400 எடுத்தேன். இதற்கும் பெயின்ட் இருந்தது, வால் சரியாக இருந்தது. மூன்று நாள் உழைத்து மணிகண்டன் மாட்டினான். சிவப்பு எண்ணெய் புதிதாக ஊற்றினான். ஓட்டிப் பார் என்று ஹமத் சாவியை என்னிடம் நீட்டினான். எனக்கு ஏழு ரோடு டெஸ்ட்டும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. எக்ஸ்பர்ட் ஓட்ட மாட்டான், வெளியே நின்று காது கொடுப்பான் என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். ஹமத் ஏறி உட்கார்ந்தான். என்ஜின் போட்ட சத்தத்தில் ஷெட்டுத் தகரம் ஆடியது. முன் கியரில் வண்டி அசையவே இல்லை. ரிவர்ஸில் மட்டும் அருமையாகப் போனது. அவன் கம்பெனியை இரண்டு சுற்று பின்னாலேயே சுற்றி வந்து, டீயைக் குடித்து முடித்துவிட்டு இறங்கினான். கோபப்படவில்லை. "செல்வா, ஐ வான்ட் கோ ஃப்ரன்ட்" என்று மட்டும் சொன்னான். கழற்றும்போது உள்ளேயிருந்து கறுப்பாக எண்ணெய் பீய்ச்சி என் சட்டை முழுவதும் ஆனது. கருகிய வாடை. அந்தச் சட்டையை இன்பமணி இரண்டு தடவை துவைத்தும் நாற்றம் போகவில்லை. கதவுக்கு வெளியே போட்டுவிட்டாள். தாங்கள் இங்கே இருந்தபோது பால் அடிப்பிடித்து, மேல்மாடிக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டும்வரை தாங்கள் அடுப்புப் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்களே, அந்த வாடைக்கு இது அண்ணன். "எங்க அப்பாவா இருந்தா இந்தச் சட்டைய அப்பிடியே மடிச்சு அலமாரியில வச்சிருப்பாரு. அவருக்கு மூக்கு அழகுக்கு மட்டும் உள்ளதாக்கும், ஒரு வாடையும் தெரியாது" என்றாள். இது அவள் சொன்னது. நான் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்து மூன்று பேரும் மீன் வாங்கக் கிளம்பினோம். போகிற வழியில் யார்டில் ஐந்து நிமிஷம் நிறுத்தச் சொன்னேன். அவள் பூசைக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு இறங்கி வந்தாள். 350 ரகத்தில் ஐந்து இருந்தன. நாலுக்கு வெள்ளிப் பெயின்ட். நான் அதில் அதிகம் மின்னியதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இத மணத்திப் பாத்தியளா?"

"கியர் பாக்ஸ யாராவது மணத்திப் பாப்பாங்களா?"

"மீன மணத்தாமலா வாங்குவோம்? தள்ளி நில்லுங்க."

கைப்பையிலிருந்து ஒரு வெள்ளை டிஷ்யூவை எடுத்துக் கான் பாயிடம் நீட்டி, உள்ளே மிச்சமிருக்கிற எண்ணெயில் தொட்டுத் தரச் சொன்னாள். அவர் தொட்டுக் கொடுத்தார். மூக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். "இது ஒங்க சட்டை" என்றாள். அடுத்தது. "இதும் சட்டை." மூன்றாவதும் நாலாவதும் சட்டைதான். கான் பாய், பெயின்ட்டைப் பாருங்கள், எவ்வளவு சுத்தமான சரக்கு என்று ஹிந்தியில் விளக்கினார். "அளிஞ்ச மீனுக்குத்தான் அடிக்கடி தண்ணி தெளிப்பாங்க. செவுளத் தூக்குனா தெரிஞ்சிரும்" என்று அவள் தமிழில் பதில் சொன்னாள். இருவருக்கும் எப்படிப் புரிந்ததோ, அவர் சிரித்துவிட்டார். ஐந்தாவது தார்ப்பாயின் கீழே கிடந்தது. பெயின்ட் இல்லை, மேலே ஒரு விரல் மண், பூனை ஒன்று படுத்திருந்தது. டிஷ்யூவில் எண்ணெய் நல்ல சிவப்பாக வந்தது. வாலையும் பார்த்தாள், அது நான் சொல்லிக் கொடுத்தது. "இதாக்கும் இன்னைக்கு வந்த மீன். இத எடுங்க" என்றாள். பிறகு மார்க்கெட்டுக்குப் போய் நெய்மீன் வாங்கினோம்.

மாட்டினார்கள். முன்னால் போனது. எந்த அளவு முன்னால் போனது என்றால், ஹமத் கேட்டைத் தாண்டிப் போய் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்தான், டீ சிந்தாமல். வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்து, பேப்பரை எடுத்து, பானெட்டே இல்லாத அந்த வண்டியில் எங்கே வைப்பது என்று தேடி, என் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். நாற்பத்தைந்து நாள் லீவ். மே 9 காலை நாங்கள் மூவரும் திருவனந்தபுரத்தில் இறங்குகிறோம். இத்தனைக்கும் தங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. புதுநன்மை அன்று தங்கள் பக்கத்தில் நின்று அந்தப் பிள்ளையைக் கண்ணாரப் பார்த்தால் போதும். இனிமேல் யார் என்ன கேட்டாலும் என்னைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருக்கும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மாமிக்கு எங்கள் வணக்கம். மைத்துனி ஜோஸ்மிக்கு அக்ஸா முத்தம் சொல்லச் சொன்னாள். நம் கரையில் வலை நிறையவும், வீட்டில் மனம் நிறையவும் மாதா துணை நிற்கட்டும்.

தங்கள் அன்பிற்கும் ஆசிக்கும் உரிய மருமகன்,
செல்வசிங்.

பி.கு.: கவரை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். ஹமத் இப்போதுதான் வந்து போனான். அவன் வண்டியைப் பார்த்து அவன் சித்தப்பா மகன்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு ஹாட் ராட் வாங்கிவிட்டார்களாம். மூன்றுக்கும் கியர் பாக்ஸ் மே மாதமே வேண்டுமாம். ஐஸ் பிளான்ட்டுக்குப் பதில் ஆள் இருக்கிறான், கியர் பாக்ஸுக்கு யார் என்று கேட்டான். தங்கள் மகளின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவள் லீவும் போகும் என்று விழுங்கினேன். பேப்பரைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டான். வாசலில் அக்ஸா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எனக்குப் புத்தாண்டு ஞாபகம் வந்தது. "மை ஃபாதர் இன் லா. தர்ட்டி ஒன் இயர்ஸ் கியர். ஃபுல் எக்ஸ்பர்ட்" என்றேன். காற்றில் நாலு கியரும் போட்டுக் காட்டினேன். அவனுக்குத் தங்களை உடனே ஞாபகம் வந்துவிட்டது. போன தடவை தாங்கள் கொடுத்த பாஸ்போர்ட் நகலை வைத்து அவன் உட்கார்ந்த இடத்திலேயே போனில் எடுத்துக் கொடுத்த தங்கள் அறுபது நாள் விசாவும், மே 7ஆம் தேதி டிக்கெட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். தாங்கள் வந்து நின்றால்தான் நாங்கள் கேட்டைத் தாண்ட முடியும். வந்தால் புதுநன்மைக்குத் தாத்தா இல்லை, வராவிட்டால் அப்பன் இல்லை. அழைப்பிதழில் யார் பெயர் பெரிதோ அவரே முடிவு செய்யட்டும். ஏர்போர்ட்டிலிருந்து ஹமத் தங்களை நேரே யார்டுக்குக் கூட்டிப் போவானாம். தங்கள் மூக்கு விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாம். டிஷ்யூவை மூக்கில் வைத்துக் கண்ணை மூடி மனதுக்குள் பத்து எண்ணுங்கள். முதல் நாலையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐந்தாவதை எடுங்கள்.